புதுப்பிப்பு: படகு எஞ்சின் வால்வு சீட்

எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) பக்கத்து வால்வு சீட்டுக்கு, அதாவது வால்வு மூடும்போது வந்து அமரும் வளையத்துக்கு, பெரிலியம் காப்பரா, சின்டர்டு இரும்பா (பொடியை அழுத்திச் சூடாக்கிச் செய்தது) என்று முன்பு கேட்டிருந்தேன். இரும்பையே போட்டாயிற்று. வால்வு இன்கோனல் (சூடு தாங்கும் நிக்கல் கலவை) என்பதால் அது போதும். டைட்டானியமாக இருந்தால் காப்பர் பக்கம்தான் போயிருப்பேன். அப்போதும் பெரிலியம் இல்லாத நிக்கல்-சிலிக்கான் காப்பர்தான். பெரிலியம் தூசி நுரையீரலைக் கெடுக்கும், யார் அதைக் கடைவது?

படகு எஞ்சினுக்கு ஓய்வே கிடையாது, நீண்ட நேரம் முழு த்ராட்டிலில் ஓடும். எக்ஸாஸ்ட் வால்வின் சூட்டில் பெரும்பங்கு, மூடியிருக்கும்போது சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு (சிலிண்டரின் மேல்மூடிக்கு) இறங்குகிறது. அதனால் சீட் அகலத்தைச் சற்றுக் கூடுதலாகவே விட்டோம்.

ஓட்டிவிட்டு ஹெட்டைக் கழற்றி வால்வும் சீட்டும் எங்கே தொடுகின்றன என்று நீல மை தடவிப் பார்த்தேன். தொடுவளையம் எங்கும் அறுபடவில்லை. ஆனால் ஒரு சிலிண்டரில் சீட் ஓரமாகத் துருப்புள்ளிகள். எக்ஸாஸ்ட் வழியாக உப்புநீர் திரும்பி ஏறுகிறது போல. சரி, அடுத்து ரைசரைத்தான் (எக்ஸாஸ்ட் குழாயில் நீர் திரும்பாதபடி மேலே எழும்பும் பகுதி) உயர்த்த வேண்டும்.