தோட்டத்துக் குருவிகளை எந்த வரிசையில் எழுதுவது?

பீலிக்கரை (லிந்துலை):

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். கண்ணில் படுகிற குருவிகளையும், அந்த நேரத்தில் காதில் விழுகிற பேச்சையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வந்தேன். கொப்பி நிறைந்துவிட்டது. பிள்ளைகள் கையில் கொடுக்கிற மாதிரி அதை ஒரு சின்னப் புத்தகமாக்க ஆசை. எந்த வரிசையில் எழுதுவது என்பதில்தான் நின்றுபோயிருக்கிறேன்.

பறவைப் புத்தகங்கள் குடும்பவாரியாகப் போகும். காக்கைகள் ஒரு பக்கம், சின்னான்கள் ஒரு பக்கம். பார்த்த குருவி எது என்று கண்டுபிடிக்க அது நல்ல முறைதான். ஆனால் என் கொப்பியை அப்படிப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

புதர்ச்சிட்டையே எடுங்கள். ஆண் முழுக்கக் கறுப்பு, செட்டையிலும் வாலடியிலும் மட்டும் வெள்ளை. பெண் மண் நிறம். நம் இலங்கையில் இது மலைப்பகுதிக் குருவி, கீழ்நாட்டில் தேடினால் கிடைக்காது. கொழுந்து எடுக்கிறவர்கள் நிரை பிடித்து வரும்போது தேயிலை உச்சியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். கூடை கிட்ட வந்த பிறகுதான் அடுத்த நிரைக்குப் பறக்கும். கூடு கட்டுவது மண்கரைப் பொந்தில். தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிற ஒருவர் அப்படி ஒரு பொந்தைக் கண்டதும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு அடி தள்ளிப்போய் மறுபடி வெட்டத் தொடங்கினார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாலு அடியை நான் எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது?

தகைவிலானும் அப்படித்தான். குளிர்காலத்தில் வந்துபோகிற இனம் வேறு. இங்கேயே வருஷம் முழுக்க இருக்கிற மலைத் தகைவிலான் ஈரச் சேற்றை உருண்டை உருண்டையாகக் கொண்டுவந்து கட்டடங்களில் கூடு கட்டும். எங்கள் இஸ்தோப்பின் (வீட்டு முன் விறாந்தையின்) கூரைக்கட்டையில் ஒரு கூடு இருந்தது. எச்சம் விழுகிற இடத்தில் ஆச்சி பழைய பேப்பர் விரித்து வைப்பார். கூட்டைக் கலைக்க யாரையும் விடமாட்டார். எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகின வயதில் நான் அந்தப் பேப்பர் மேல் குனிந்து கிடந்தேன். சினிமா விளம்பரம், மரண அறிவித்தல், லொத்தர் முடிவு என்று என் வாசிப்பு அந்தக் கூட்டுக்கு நேர் கீழே தொடங்கியது. தகைவிலானைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது அதுதான்.

மாதவாரியாக எழுதலாம். இடவாரியாக, தண்ணீர் பிடிக்கிற பீலி, தேயிலை ஆலையான ஸ்டோர், கோயில், பங்களாத் தோட்டம் என்று எழுதலாம். இல்லையென்றால் ஒரு நாளின் நேரவாரியாக, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பிரட்டில் தொடங்கி அந்திக்கொழுந்தை எடைபோட்டு முடிகிற வரைக்கும். என் மனம் மூன்றாவதில் நிற்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மூடுபனி (நுவரெலியா):

டீச்சர், மாதவாரி என்பதே என் வாக்கு. மலையகத்துக் குருவிக் கதையில் பாதி விருந்தாளிகளின் கதை. ஐப்பசி வாக்கில் சாம்பல் வாலாட்டி ஓடைக்கரைக்கு வந்துவிடும். ஆறுமணிக்குருவி இந்தியாவிலிருந்து கடல் கடந்து வரும். எங்கள் விக்டோரியா பூங்காவில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் வந்து நிற்கும். மகாராணியின் 1897 வைர விழாவை ஒட்டி அமைத்த பூங்கா அது. காஷ்மீர்ப் பக்கத்து மலைக்காடுகளில் குஞ்சு பொரிக்கிற குருவி, கழுத்தும் நெஞ்சும் செம்மஞ்சளாக, குளிர்காலத்துக்கு நம்ம ஊரைத் தேடி வருகிறது என்றால் அதைவிடப் பெரிய மரியாதை நமக்கு என்ன வேண்டும்? சித்திரை வருவதற்குள் அநேகமாக எல்லாம் கிளம்பிவிடும். இந்த வரவும் போக்கும் நேரவாரியாக எழுதினால் தெரியாமல் போய்விடும்.

ஊவாக்காரன் (ஹப்புத்தளை):

மாதவாரி எழுதினால் அக்காவின் புத்தகம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொருந்தாதே. லிந்துலையில் ஆடி மாதம் கொங்காணி போட்டுக்கொண்டு மழையில் கொழுந்து எடுப்பார்கள். அதே ஆடியில் இங்கே கச்சான் காத்து அடித்து மண் வறண்டு கிடக்கும். எங்களுக்குப் பெருமழை ஐப்பசிக்குப் பிறகு. ஒரே மலைத்தொடரின் இரண்டு பக்கம், ஆனால் மழை ஒரே மாதத்தில் இல்லை. கூட்டுக்குச் சேறு எடுக்கிற குருவிக்கு மாதப் பெயரா முக்கியம், ஈரமண் கிடைப்பது அல்லவா? காலையில் பிரட்டு, அந்தியில் நிறுவை என்பது இரண்டு பக்கமும் ஒன்றுதான். எனக்கு நேரவாரி பிடித்திருக்கிறது.

பழைய வாத்தியார் (கண்டி):

மகளே, நீங்கள் தேடுகிற வரிசை தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. தொல்காப்பியம் ஒரு நிலத்தின் கருப்பொருளைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறது. பறவை தனி அலுமாரியில் இல்லை. அந்த நிலத்து மனிதர் செய்கிற வேலைக்கும் அடிக்கிற பறைக்கும் பக்கத்தில் இருக்கிறது. முதற்பொருள் நிலமும் பொழுதும். குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம் என்று நேரத்தையே நிலத்தோடு கட்டி வைத்தார்கள்.

பிரட்டுக்குத் தப்படித்து ஆட்களை எழுப்பிய காலம் ஒன்று உண்டு. அந்தப் பறையையும் விடியற்காலைக் குண்டுக்கரிச்சானின் பாட்டையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். உங்கள் பக்கத்து ஆள் ஒருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் பாட்டுகளைத் தேடிச் சேர்த்தவர். கொழுந்தெடுக்கும் கையிலிருந்து பிரித்தால் அந்தப் பாட்டுகளின் உயிர் போய்விடும். குருவிக்கும் அதே நியாயம்தான்.

ஸ்டோர் வீட்டுப் பிள்ளை (கொழும்பு):

டீச்சர், நேரவாரி என்றால் நிறுவையோடு முடித்துவிடாதீர்கள். எங்கள் அப்பாவுக்கு ஸ்டோரில் இரவு வேலை. அந்திக்கு வந்த கொழுந்து மாடியில் விடிய விடிய வாடும். அதைப் பார்த்துக்கொண்டு முழித்திருக்கிறவருக்கும் ஒரு நாள் உண்டு. ஆந்தைச் சத்தத்தைப் பற்றி வீட்டில் எங்களுக்குச் சொன்னதெல்லாம் அவர்தான். நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவர் படுக்கப் போவார். மற்றவர்களுக்குக் காலைக் குருவி, அவருக்கு அது தாலாட்டு.

பீலிக்கரை (லிந்துலை):

எல்லாருக்கும் நன்றி. பகலில் படிப்பிக்கிற எனக்கு இரவு விடுபட்டுப்போனது தெரியவே இல்லை. தம்பி, அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்: ஆந்தை எந்தப் பக்கத்து மரத்தில் இருக்கும், மிஷின் சத்தத்துக்கு நடுவே எப்படிக் கேட்டது, மாடியில் அப்போது வேறு யார் இருந்தார்கள். அவர் சொல்கிறபடியே போடுகிறேன்.

நேரவாரியாகவே எழுதப்போகிறேன். விருந்தாளிகள் எந்த மாதம் வரும், போகும் என்பதை அந்தந்தக் குருவியின் பக்கத்திலேயே சேர்த்துவிடுவேன், நுவரெலியாக்காரர் சொன்னது வீண்போகாது. ஆறுமணிக்குருவி காலையிலும் கத்தும், அந்தியிலும் கத்தும், அதனால் அதற்கு இரண்டு பக்கம். காலைப் பக்கத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற புள்ளக்காம்பராவுக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அம்மா வருவார். அந்திப் பக்கத்தில் அதே அம்மா பீலியில் கால் கழுவுவார். வாத்தியார் ஐயா, தப்புச் சத்தம் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

ஹப்புத்தளைத் தம்பிக்கு ஒரு வேலை. உங்கள் பக்கத்தில் தகைவிலான் சேறு எடுக்கத் தொடங்குவது எப்போது, எந்த இடத்து மண்ணை எடுக்கிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள். பக்கத்தில் ஆட்கள் என்ன வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்து.