ஊட்டி ஸ்டேக் உணவகத்தின் ஒயின் பட்டியலை எப்படி மதிப்பிடுவது?

கோத்தகிரி வாசகி:
அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறைக்கு என் அண்ணனும் அண்ணியும் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். அப்பா மறைந்த பிறகு என்னைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அண்ணன்தான் என்பதால், ஊட்டியில் ஸ்டேக்குக்கு (சுட்ட தடித்த இறைச்சித் துண்டு) பெயர்பெற்ற ஓர் உயர்தர உணவகத்தில் தை 2 அன்று மாலை அவருக்கு விருந்து கொடுக்க மேசை பதிவு செய்திருக்கிறேன். இருவரும் உணவோடு சிவப்பு ஒயின் அருந்துவார்கள். என் கணவரும் ஒரு கிளாஸ் எடுத்துக்கொள்வார். உணவகத்தார் அனுப்பிய பட்டியலில் 46 ஒயின்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, "கேபர்நே சாவினான், ஆஸ்திரேலியா, கிளாஸ் 950, பாட்டில் 4,200" என்ற ஒற்றை வரி. மற்ற வரிகளும் ஏறக்குறைய இப்படித்தான். எனக்கு ஒயின் பழக்கமில்லை. இந்தப் பட்டியல் தரமானதா என்பதை எவற்றைப் பார்த்து அறிவது?

குன்னூர் ஸ்டீவர்ட்:
வணக்கம் சகோதரி. விடுதிகளில் 14 ஆண்டுகள் பரிமாறும் பணியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 46 என்ற எண்ணிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் காட்டிய வரியில் கேபர்நே சாவினான் என்ற திராட்சை வகையும் நாடும் விலையும்தான் இருக்கின்றன; தயாரிப்பாளர் பெயரும் இல்லை, திராட்சை அறுவடையான ஆண்டும் இல்லை. இது துணிக்கடையில் "பட்டு, காஞ்சிபுரம்" என்று மட்டும் எழுதி விலையைப் போடுவதைப் போன்றது. அந்த இரண்டையும் தொலைபேசியில் கேளுங்கள். பாட்டிலை எடுத்துப் பார்த்து உடனே சொல்பவர்கள் என்றால் பட்டியலை அச்சிட்டதில்தான் குறை. சொல்லத் தயங்கினால், பட்டியலில் இருப்பது கிடங்கில் இருக்கிறதா என்றே ஐயப்பட வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் வரும். ஐந்து கிளாஸுக்கு 4,750 ரூபாய் ஆகிறது, பாட்டில் 4,200. இந்த இடைவெளி நியாயமானதே. ஆனால் அவர்கள் ஊற்றுவது 120 மில்லி என்றால் அதே பாட்டிலில் ஆறு கிளாஸ் எடுத்து 5,700 ரூபாய் வாங்கிவிடுவார்கள். ஆகவே அளவைக் கட்டாயம் கேளுங்கள். மூவர் அருந்துவதானால் பாட்டிலாக வாங்குவதே நல்லது. கிளாஸ் கணக்கில் வருவது முந்தாநாள் திறந்த பாட்டிலாகவும் இருக்கலாம். திறந்த சிவப்பு ஒயின், நன்றாக மூடிக் குளிரில் வைத்தாலும் மூன்று முதல் ஐந்து நாளுக்குமேல் தாங்காது.

பாட்டிலை உங்கள் முன்னிலையில் திறந்து, முதலில் சிறிதளவு ஊற்றுவார்கள். அது சுவை பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக அன்று. கெட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்தால் கார்க் மூடியினால் கெட்ட ஒயின் என்று பொருள். நான் ஒருமுறை அந்த வாடையைக் கவனிக்காமல் நான்கு பேருக்கும் ஊற்றிவிட்டேன்; அவர்களில் ஒருவர் கிளாஸை மூக்கருகே வைத்துவிட்டு அருந்தாமலே நகர்த்தி வைத்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. அப்படி நேர்ந்தால் தயங்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

மஞ்சூர் தேயிலை:
நான் தேயிலைத் தொழிற்சாலையில் சுவை பார்ப்பவன். சிவப்பு ஒயினின் துவர்ப்பும் நம் தேயிலையின் துவர்ப்பும் உறவுக்காரர்கள். பால் சேர்க்காத கடுந்தேநீர் நாக்கைப் பிடிக்கிறது. பால் சேர்த்தால் அதன் புரதம் துவர்ப்பைக் கட்டிவிடுகிறது. ஸ்டேக்கின் புரதமும் கொழுப்பும் ஒயினுக்குச் செய்வது ஏறத்தாழ அதைத்தான். அதனால்தான் கொழுப்பு மிகுந்த துண்டுக்குக் கேபர்நே சாவினான், மால்பெக் போன்ற துவர்ப்பு மிகுந்தவை பொருந்துகின்றன. ஆனால் இங்கே ஸ்டேக் என்று வருவதில் எருமை இறைச்சியும் உண்டு. அதில் கொழுப்பு குறைவு. அப்படிப்பட்ட துண்டுக்கு மெர்லோ போன்ற மென்மையான ஒயின் இருக்கிறதா என்று பாருங்கள். மிளகு சாஸ் ஊற்றித் தருவதானால் ஷிராஸ் நன்றாகச் சேரும். அந்தத் திராட்சையிலேயே மிளகின் மணம் உண்டு. இறைச்சி வகை எதுவாயினும் ஈடுகொடுக்கும்படி துவர்ப்பு மிகுந்தது, மென்மையானது, மிளகு மணமுள்ளது என்ற இந்த மூன்று வகையிலும் ஒவ்வொன்றாவது இருந்தால், அந்த உணவகத்தின் சமையலை அறிந்தவர் தொகுத்த பட்டியல் என்று நம்பலாம்.

இன்னொன்று, மலையில் இருப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டியது. சிவப்பு ஒயினை 16 முதல் 18 டிகிரியில் பரிமாற வேண்டும். சமவெளியில் அதற்காகக் குளிரூட்டுகிறார்கள். தை மாதத்தில் ஊட்டியில் உறைபனி விழும். கணப்பு இல்லாத அறையில் இருந்து எடுத்த பாட்டில் பத்து டிகிரிகூட இருக்காது. அந்தக் குளிரில் மணம் அடங்கி, துவர்ப்பு மட்டும் தூக்கலாக நிற்கும். நல்ல ஒயினையும் மட்டம் என்று சொல்லிவிடுவோம். விருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே பாட்டிலை உணவுக்கூடத்துக்குக் கொண்டுவந்து வைக்கச் சொல்லுங்கள். கணப்படுப்பின் அருகில் மட்டும் வைக்கவிடாதீர்கள்.

கொடைக்கானல் நண்பர்:
மேலே இருவரும் சொன்னவற்றை ஏற்கிறேன். இறக்குமதி ஒயினுக்கு இந்தியாவில் 150 விழுக்காடு சுங்கவரி இருந்தது. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த வணிக ஒப்பந்தத்தால், ஒரு குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்ட ஆஸ்திரேலிய ஒயின்களுக்கு மட்டும் அந்த வரி குறைந்தது. எனவே ஆஸ்திரேலிய ஒயின் விலையில் அந்தச் சலுகை தெரிகிறதா என்று, அதே தரத்துப் பிரெஞ்சு ஒயினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாசிக், நந்தி மலை போன்ற இடங்களில் இந்தியாவிலேயே தயாராகும் ஒயின்களையும் ஒதுக்க வேண்டாம். வெளிநாட்டில் இருந்து வருபவருக்கு அவைதான் புதியவை.

எல்லாவற்றுக்கும் மேலாக, தை 2 என்பது திருவள்ளுவர் நாள். அன்று தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகளோடு, உரிமம் பெற்ற விடுதி மதுக்கூடங்களும் மூடப்படும். பட்டியல் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அன்று ஒரு துளியும் பரிமாற மாட்டார்கள்.

கோத்தகிரி வாசகி:
மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பதிவை முதல் வேலையாகத் தை 3-க்கு மாற்றிவிட்டேன். தேதியைப் பற்றி உணவகத்தார் தாமாக ஒன்றும் சொல்லாதது வருத்தம்தான். ஆனால் கேட்ட பிறகு, அந்த ஆஸ்திரேலிய பாட்டிலைக் கையில் எடுத்துத் தயாரிப்பாளர் பெயரையும் ஆண்டையும் படித்துச் சொன்னார்கள். கிளாஸ் 150 மில்லிதான் என்றார்கள். இறைச்சி எருமையின் மென்துண்டு என்பதால், மிளகு சாஸோடு நாசிக் ஷிராஸ் ஒரு பாட்டில் சொல்லியிருக்கிறேன். மாலை ஐந்து மணிக்கே அதை வெளியில் எடுத்து வைப்பதாக ஒப்புக்கொண்டார்கள்.