சோப்ரானோஸ் கடைசிக் காட்சி: அந்த இருட்டைப் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள், ஏன்?

நியூ ஜெர்சி மாஃபியா தலைவன் டோனியையும் அவன் குடும்பத்தையும் பற்றிய அமெரிக்கத் தொடர் 'தி சோப்ரானோஸ்'. அதன் கடைசி எபிசோடை முதன்முறை பார்ப்பவர்களைக் கவனித்தால் தெரியும். முடிந்ததும் கை தானாக ரிமோட்டைத் தேடும். 2007 ஜூன் 10 இரவு ஹெச்பிஓ சேனலில் அந்த எபிசோட், 'மேட் இன் அமெரிக்கா', ஒளிபரப்பானபோதும் இதேதான் நடந்தது. கிட்டத்தட்ட 1 கோடியே 19 லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு நடுவில் அறுந்து திரை கறுத்ததும், கேபிள் போய்விட்டது என்று நினைத்தவர்கள் ஏராளம். கேபிள் கம்பெனிக்கே போன் போட்டவர்களும் உண்டு. ஹெச்பிஓ இணையதளம் கூட்டம் தாங்காமல் முடங்கியது. 86 எபிசோட் கூடவே வந்துவிட்டு கடைசியில் ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம்தான் அன்று முதலில் வந்தது. டோனி செத்தானா இல்லையா என்ற சண்டை அதற்குப் பிறகு.

அந்தச் சண்டைக்குள் போகுமுன் காட்சி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். டோனி உணவகத்தில் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். கதவு திறந்தால் மணி அடிக்கும். மணி அடித்ததும் டோனியின் முகம், அடுத்து அவன் கண் வழியாக உள்ளே வருகிற ஆள். மனைவி கார்மெலா வரும்போது இதைப் பார்க்கிறோம். மகன் ஏ.ஜே. வரும்போதும் பார்க்கிறோம், அவனுக்கு முன்னால் 'மெம்பர்ஸ் ஒன்லி' என்ற பிராண்ட் ஜாக்கெட் போட்ட ஒருவன் நுழைகிறான். இப்படித் திரும்பத் திரும்பக் காட்டி நம் கண்ணைப் பழக்கிவிடுகிறார் தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ். இந்த எபிசோடை எழுதியதும் இயக்கியதும் அவரே. கடைசியில் மகள் மெடோ வாசலை நோக்கி ஓடி வருகிறாள். மணி. டோனியின் முகம். அடுத்து அவன் கண் வழியாக வரவேண்டிய ஷாட் இருக்கும் இடத்தில்தான் கறுப்பு வருகிறது. இதை வைத்துத்தான் டோனி செத்துவிட்டான் என்கிறவர்கள் வாதாடுகிறார்கள்: அந்தக் கறுப்பும் அவன் பார்வைதான்.

இரண்டாம் முறை பார்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேளுங்கள். தட்டுச் சத்தம், பேச்சு, 'டோன்ட் ஸ்டாப் பிலீவின்' பாட்டு, நடுநடுவே மணி. பாட்டு 'ஸ்டாப்' என்ற சொல்லில் அறுகிறது. படத்தோடு பார்க்கும்போது தப்பிவிடுகிற மணி இப்போது ஒவ்வொரு முறையும் பளிச்சென்று கேட்கும்.

* * *

மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீமிங்கில் பார்க்கிறவர்களுக்கு அந்த முடிவு பாதி கெட்டுப்போகிறது. கறுப்பு சுமார் 10 விநாடி நிற்கும். பிறகு இசையே இல்லாமல் பெயர்கள் ஓடும். அந்த மௌனமும் காட்சியில் சேர்த்திதான். பெயர்கள் வரும் இடத்தில் பல செயலிகள் படத்தைச் சின்னக் கட்டமாகச் சுருக்கிவிட்டு, அடுத்து என்ன பார்க்கலாம் என்று விளம்பரம் காட்ட ஆரம்பித்துவிடும். மௌனம் அங்கேயே செத்தது. அமைப்புகளுக்குள் போய்த் தானியங்கி அடுத்த எபிசோடையும் முன்னோட்டத்தையும் முன்கூட்டியே நிறுத்திவையுங்கள். அப்படியும் சுருங்கினால், உடனே அந்தச் சின்னக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் முழுத்திரைக்குத் திரும்பிவிடும்.

இன்னொரு தொல்லை, மீதி நேரம் காட்டும் கோடு. 2007-இல் பார்த்தவர்களுக்கு அடுத்து இன்னும் காட்சி இருக்கிறதா என்று தெரிய வழி இல்லை, அதனால்தான் இணைப்பு போச்சு என்று தோன்றியது. இப்போது இடையில் நிறுத்தினாலே இன்னும் எத்தனை நிமிடம் என்று தெரிந்துவிடும். உணவகக் காட்சி ஆரம்பித்தபின் ரிமோட்டைத் தொடாதீர்கள். புதிதாகப் பார்ப்பவர் பக்கத்தில் இருந்தால் ரிமோட்டை அவர் கைக்கு எட்டாமல் வைப்பது உத்தமம்.

* * *

டோனி செத்ததற்கு ஷாட் கணக்கு மட்டும் போதாது. அதைவிட வலுவான சாட்சி முந்தைய எபிசோடுகளில் இருக்கிறது. கடைசி ஒன்பது எபிசோடுகளில் முதலாவது 'சோப்ரானோ ஹோம் மூவிஸ்'. ஏரியில் படகில் உட்கார்ந்து டோனியும் அவன் தங்கை கணவன் பாபியும் பேசுகிறார்கள். சாவு வரும்போது சத்தம்கூடக் கேட்காது போலிருக்கிறது என்கிறான் பாபி. அடுத்த எபிசோட் 'ஸ்டேஜ் 5'. டோனியின் வலதுகை சில்வியோ உணவு மேஜையில் உட்கார்ந்திருக்க, எதிரே இருப்பவனைச் சுடுகிறார்கள். சத்தம் மங்கிப்போகிறது. மேலே ரத்தம் தெறித்த பிறகுதான் சில்வியோவுக்கு நடந்தது உறைக்கிறது. கடைசிக்கு முந்தைய 'தி புளூ காமெட்'டில் படகுப் பேச்சு டோனியின் நினைவில் திரும்ப வருகிறது. தற்செயலாக இத்தனை முறை வராது. கடைசி எபிசோடைக் குறை சொல்கிறவர்களில் பலர் இந்த மூன்றையும் மறந்துவிட்ட பிறகே பேசுகிறார்கள்.

சேஸ் பல ஆண்டுகள் விளக்கம் கொடுக்க மறுத்தார். பிறகு ஒரு பேட்டியில், முதலில் மனதில் இருந்தது வேறு காட்சி என்றார்: நியூயார்க் மாஃபியாக்காரன் ஜானி சாக்கைச் சந்திக்க லிங்கன் சுரங்கப்பாதை வழியாக மன்ஹாட்டனுக்கு டோனி கார் ஓட்டிப் போவது, அங்கே அவன் கதை முடிவது. தொடக்கப் பாடலில் டோனி அதே சுரங்கத்திலிருந்து நியூ ஜெர்சிப் பக்கம் வெளியே வருவான். அந்தப் பயணத்தைத் திருப்பிப் போட்டிருந்தார்.

* * *

ஆனால் டோனி செத்தான் என்று நிரூபித்துவிட்டால் காட்சி புரிந்துவிடும் என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. செத்தானா என்பதையே பிடித்துக்கொண்டு தொங்கினால் மேஜையில் நடப்பது தப்பிவிடும். தன் கும்பலைச் சேர்ந்த கார்லோ அரசுத் தரப்புக்குச் சாட்சி சொல்லப்போகிறான் என்று கார்மெலாவிடம் டோனி சொல்கிறான். சுட்டாலும் சுடாவிட்டாலும் அவனுக்கு நிம்மதியான நாள் இனி இல்லை. ஏ.ஜே. வந்து, நல்ல நேரங்களை நினைத்துக்கொள் என்று நீதானே சொன்னாய் என்கிறான். முதல் சீசன் கடைசியில் மழைப்புயலுக்குப் பயந்து உணவகத்தில் ஒதுங்கியபோது டோனி குடும்பத்தாரிடம் சொன்னது அது. மகன் அதை நினைவில் வைத்திருக்கிறான், அப்பாவுக்கு மறந்துவிட்டது. எனக்கு இந்த எபிசோடில் ஜாக்கெட்காரனைவிட இந்த இடம்தான் கலக்கமாக இருக்கிறது.

மெடோ காரை நிறுத்த முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வதைத் தேவையற்ற இழுவை என்று திட்டியவர்களும் உண்டு. அதை வெட்டிவிட்டு யோசித்துப் பாருங்கள். அவள் சரியான நேரத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டால் கதவு மணிக்காக யாரும் காத்திருக்கப்போவதில்லை. உள்ளே வெங்காய ரிங்ஸ் சாப்பிடுகிறார்கள், வெளியே கார் முன்னும் பின்னும் போகிறது; பயம் முழுக்க அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஏறுகிறது.

* * *

இடம் எது என்று கேட்பவர்களுக்கு: நியூ ஜெர்சி புளூம்ஃபீல்டில் இருக்கும் ஹோல்ஸ்டன்ஸ் என்ற ஐஸ்கிரீம் கடை, நிஜக் கடை. 2013 ஜூனில் டோனியாக நடித்த ஜேம்ஸ் கேண்டோல்ஃபினி ரோமில் இறந்தபோது அந்த மேஜையில் யாரையும் உட்காரவிடாமல் ஒதுக்கிவைத்தார்கள். 2024-இல் அந்த இருக்கையை ஏலம் விட்டார்கள், 82,600 டாலருக்குப் போனது. இப்போது போனால் இருப்பது புது இருக்கை.

திரும்பப் பார்ப்பதாக இருந்தால், மேலே சொன்ன 'சோப்ரானோ ஹோம் மூவிஸ்', 'ஸ்டேஜ் 5', 'தி புளூ காமெட்' மூன்றோடு ஆறாம் சீசனின் முதல் எபிசோடையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் பெயரே 'மெம்பர்ஸ் ஒன்லி', அதில் டோனியின் ஆள் யூஜின் போட்டிருப்பதும் அதே ஜாக்கெட். நான்கையும் வரிசையாகப் பார்த்துவிட்டு உடனே கடைசி எபிசோடுக்குப் போனால், கழிப்பறைப் பக்கம் நடக்கிற அந்த ஜாக்கெட்காரன் மேல் டோனியைவிட உங்கள் கண் முதலில் போகும்.