இடுப்பில் கட்டிக்கொண்டு வந்த காகிதங்கள்

லேடி சேல் டைரியை நான் தேடிப்போகவில்லை. வேறு எதையோ படிக்கும்போது ஃப்ளோரன்ஷியா சேல், பிறப்பு மதராஸ், 1790 என்று ஒரு வரி கண்ணில் பட்டது. அவருடைய தாத்தா அலெக்சாண்டர் வின்ச் 1773 முதல் 1775 வரை மதராஸ் கவர்னர். சரி, மதராஸில் பிறந்த அம்மாவுக்குக் காபூலில் என்ன வேலை என்று பார்க்கப் போய், நான்கு ராத்திரி தூக்கம் போனது.

பிரிட்டிஷ் படை காபூலைப் பிடித்து வைத்திருந்த 1841 இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது டைரி. கணவர் ஜெனரல் ராபர்ட் சேல் படையோடு கிளம்பி ஜலாலாபாத் போய்விட்டார். இவர் மகளோடும், இன்ஜினியர் அதிகாரியான மருமகன் ஸ்டர்ட்டோடும் காபூலிலேயே தங்கினார். வீட்டுத் தோட்டத்தில் காலிஃபிளவர், உருளைக்கிழங்கு எல்லாம் போட்டிருந்தார். நவம்பர் 2 அன்று நகரம் கிளர்ந்தெழுந்து பிரிட்டிஷ் அதிகாரி பர்ன்ஸைக் கொன்றது. டிசம்பரில் பிரிட்டிஷ் தூதர் மக்நாட்டனும் கொல்லப்பட்டார். தளபதி எல்ஃபின்ஸ்டனோ நோயாளி, எந்த முடிவையும் எடுக்க முடியாதவர். 1842 ஜனவரி 6 அன்று சுமார் 4,500 சிப்பாய்களும், அவர்களை அண்டிப் பிழைத்த 12,000 பேரும் ஜலாலாபாத்தை நோக்கிப் பனியில் இறங்கி நடந்தார்கள். விறகு தீர்ந்து, சாப்பாட்டு மேஜையை உடைத்துத்தான் கடைசிச் சமையல் நடந்திருக்கிறது.

மற்றதெல்லாம் வழியில் பறிபோக, இந்தக் காகிதங்கள் மட்டும் எப்படித் தப்பின? கிளம்பும் முந்தின இரவும் உட்கார்ந்து அன்றைய நடப்பை எழுதியிருக்கிறார். காலையில் எல்லாவற்றையும் ஒரு சின்னப் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டாராம்.

அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். என் அப்பத்தா 1942ல், சரியாக நூறு வருஷம் கழித்து, ரங்கூனிலிருந்து நடந்து வந்தவர். புரோம் வரை வந்து, மலையேறி தாங்கூப்பில் இறங்கி, அங்கிருந்து அக்கியாப். அவர் இடுப்பிலும் ஒரு சுருக்குப்பை இருந்தது. அதில் தாலியும் கொஞ்சம் உப்பும். எழுதத் தெரியாது.

காபூலை விட்டுக் கிளம்பிய மூன்றாம் நாள் குர்த் காபூல் கணவாய். மேலே பாறைகளிலிருந்து ஆப்கானியர்கள் சுடுகிறார்கள். லேடி சேல் கையில் ஒரு குண்டு தங்கிவிட்டது, மூன்று குண்டுகள் ஆட்டுத்தோல் கோட்டைத் துளைத்துக்கொண்டு போயின. இதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுகிறார். மருமகன் கணவாயைத் தாண்டிவிட்டு, மறுபடி திரும்பிப் போனதில் வயிற்றில் சுடப்பட்டு, மறுநாள் இறந்தார். வழிநெடுகச் செத்தவர்களில் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் நடந்தது அவர் ஒருவருக்குத்தானாம்.

•

வணக்கம் அக்கா. நான் ஓய்வு பெற்ற ஹவில்தார், வேலூர் பக்கம். லடாக்கில் இரண்டு குளிர்காலம் இருந்தேன். நீங்கள் சொன்ன பிறகுதான் அந்த டைரியைப் படித்தேன்.

படிக்கும்போது என்னால் குண்டுகளைக் கடந்து போக முடிந்தது, பனியில் விறைத்த கால்களைக் கடக்க முடியவில்லை. பனிக்கடியில் முதலில் வலிக்கும், அப்புறம் வலி நின்றுவிடும். ‘வலி இருக்கிறவரைக்கும் கவலைப்படாதே, வலி நின்றால் உடனே சொல்’ என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ராத்திரி தூங்குவதற்கு முன் ஒருவர் பூட்ஸை இன்னொருவர் கழற்றி, விரல் விரலாகத் தொட்டுப் பார்ப்போம். மெழுகு மாதிரி வெள்ளையாக இருந்தால் ஆபத்து.

அந்தச் சிப்பாய்கள் பெரும்பாலும் கங்கைச் சமவெளிக்காரர்கள். முதல் நாள் 5, 6 மைல்தான் நடந்திருக்கிறார்கள், அதற்கே ராத்திரி ஆகி, கூடாரமில்லாமல் பனியில் படுத்தார்கள். விடிந்தால் பக்கத்தில் படுத்தவன் விறைத்துக் கிடக்கிறான். பழைய குதிரைக் கம்பளிகளைக் கிழித்து எல்லார் காலிலும் சுற்றிக்கொள்ளலாம் என்று பாட்டிஞ்சர் என்ற அதிகாரி கிளம்பும் முன்பே சொல்லியிருக்கிறார். மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. விரல் விறைத்தால் துப்பாக்கியில் மருந்து போட்டுக் கெட்டிக்க முடியாது அக்கா. அவர்களைக் கோழைகள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

அந்த 12,000 பேர் சமையல்காரர், தண்ணீர் சுமந்தவர், ஒட்டகக்காரர், அவர்கள் பெண்டு பிள்ளைகள். அவர்களைப் பற்றி இந்த அம்மா எங்காவது நின்று எழுதியிருக்கிறாரா?

•

எழுதியிருக்கிறார் தம்பி. பெண்களையும் குழந்தைகளையும் ஆப்கான் தலைவர் அக்பர் கான் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பிறகு, ஜனவரி 11 அன்று டெசீன் என்ற இடத்தை நோக்கிக் கூட்டிப்போகிறார்கள். முன்னால் போன படை அழிந்து கிடக்கும் அதே பாதை. ரத்த வாடை குமட்டுகிறது. பிணங்களை மிதிக்காமல் குதிரையை ஓட்டுவதற்கே கவனம் தேவைப்பட்டது என்கிறார். ஓரிடத்தில் ஐரோப்பியர் 58 பேரை எண்ணியிருக்கிறார்கள். சுதேசிகளைப் பற்றி, எண்ணிலடங்காதவர்கள் என்று மட்டும். ஆனால் அடுத்த வரியிலேயே, உயிரோடு கிடந்தவர்களையும் பார்க்கிறார். பனி தின்ற கால்களோடு, பட்டினியில், புத்தி பேதலித்துப் போய்.

அப்புறம் எட்டு மாதத்துக்கு மேல் சிறை. பேத்தி அங்கேதான் பிறந்தாள். செப்டம்பரில் மீட்கப்பட்டார்கள். அதுவரை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்.

‘எண்ணிலடங்காதவர்கள்’ என்ற இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. 58 வரை எண்ணத் தெரிந்தவர்களுக்கு நம்மவர்களை எண்ண மனம் வரவில்லையே என்று. இரண்டு நாள் கழித்துத்தான் நினைவு வந்தது. சின்ன வயதில் அப்பத்தாவிடம், வழியில் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டிருக்கிறேன். நம்ம ஊர்க்காரர் நாலு பேர் என்று விரல் மடக்கி, ஒவ்வொருவர் பேரும் சொன்னார். மத்தவுக அப்பத்தா என்றேன்.

“கெடந்தாக ஆத்தா. மிதிச்சிடாம வந்தோம்.”