நம்ம வீட்லயே தண்ணி பூந்தப்போ ஃபீல்டுக்கு போனவங்க யாராவது இருக்கீங்களா?

எர்ணாவூர்_பொண்ணு:
எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முடிச்சிட்டு ஒரு தொண்டு நிறுவனத்துல ஃபீல்டு ஒர்க்கரா இருக்கேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ வடசென்னை எர்ணாவூர்ல எங்க வீட்லயும் முட்டிக்கு மேல தண்ணி, அதுவும் வெறும் மழைத்தண்ணி இல்ல, எண்ணெய் கலந்த கருப்பு தண்ணி. சுவத்துல அந்த கோடு இன்னும் இருக்கு, மூணு தடவ பெயிண்ட் அடிச்சும் மேல வந்து நிக்குது. அம்மாவ பெரியம்மா வீட்ல விட்டுட்டு நாலாம் நாளே கணக்கெடுப்பு ஃபார்ம் கட்டோட கெளம்பிட்டேன். போகலன்னா அசிங்கமா இருக்கும்னு தோணுச்சு, அவ்ளோதான். அது முடியறதுக்குள்ள அதே மாசம் 26ந்தேதி ராத்திரி பெரியகுப்பத்துல அமோனியா கசிவு, இருட்டுல புள்ளைங்கள தூக்கினு ஓடுன ஜனம், மறுநாள் அங்கயும் நாங்கதான்.

இப்ப என் பிரச்சன என்னன்னா, மழ சத்தம் கேட்டாலே எழுந்து சர்டிபிகேட் ஃபைல எடுத்து பரண் மேல வெக்கிறேன். ஆனா ஜனங்க முன்னாடி உக்காந்தா ஒண்ணுமே தோண மாட்டேங்குது. காட்டுக்குப்பத்துல ஒரு அக்கா வல பூரா எண்ணெய் புடிச்சி தூக்கிப்போட்டத சொல்லி அழுவுறாங்க, நான் ஃபார்ம்ல அடுத்த கட்டத்துல என்ன எழுதணும்னு பாத்துட்டு இருக்கேன். அது உறுத்துது. சூப்பர்வைசர கேட்டா "கொஞ்சம் டிஸ்டன்ஸ் வெச்சுக்கோ"ங்கிறாங்க. அதே தண்ணியில நின்னவ எப்படிங்க டிஸ்டன்ஸ் வெக்கிறது? வேலைய விட்றலாமான்னு இருக்கு.

பழைய_ஃபீல்டு_ஆளு:
தங்கச்சி, உனக்கு வந்தது புதுசு இல்ல. 2001ல நியூயார்க் ரெட்டை கோபுரம் இடிஞ்சப்போ அங்க வேல பாத்த சோஷியல் ஒர்க்கர்ங்களும் அதே ஊர்க்காரங்கதான், அவங்க அனுபவத்த வெச்சு இதுக்கு 'ஷேர்டு ட்ராமா'ன்னு பேரே வெச்சிருக்காங்க. உதவி பண்றவங்களும் வாங்குறவங்களும் ஒரே அடிய வாங்கியிருக்கிறது. நீ டிஸ்டன்ஸ் வெக்கத் தெரியாத ஆளு இல்ல, டிஸ்டன்ஸே இல்லாத எடத்துல நிக்கிற.

நான் சுனாமி டைம்ல திருவொத்தியூர் கார்கில் நகர்ல தற்காலிக கொட்டாயில வேல பாத்தவன். வெயில்ல உள்ள உக்கார முடியாது, வெந்துடுவோம். அப்போ எங்களுக்கு சொல்லி அனுப்புனது, ஜனங்கள பேச வையுங்க, அலைய பத்தி கேளுங்க, மனசுல இருக்கிறத வெளிய கொட்டிட்டா சரியாயிடும்னு. ஒரு ஆயா என்ன நிமிந்து பாத்து, "நேத்து வந்த பொண்ணுகிட்ட சொல்லிட்டேன் ராசா, அதாண்ட கேட்டுக்கோ"ன்னுச்சு. அன்னிக்கு ஃபார்ம மடிச்சு வெச்சிட்டு அது கூட சேந்து மீன் காய வெச்சேன், அதுக்கப்புறம் அதுவா பேசுச்சு. இப்படி நோண்டி நோண்டி கேக்கக் கூடாதுன்னு பின்னாடி உலக சுகாதார நிறுவனமே 2011ல போட்ட களப்பணியாளர் கையேட்ல சொல்லிடுச்சு. பாரு, கேளு, தேவையானவங்களோட இணைச்சு விடு, மூணுதான். பேச சொல்லி வற்புறுத்தாத. இந்த மூணாவதுதான் நெஜமான வேல, தொலஞ்ச ரேஷன் கார்டுக்கு கூட போய் வரிசையில நிக்கிறதுதான் அப்போ பாதி கவுன்சிலிங்.

அந்த மரத்துப்போறது நாப்பது வீட்டுக்கு ஒரே நாள்ல போனா யாருக்கும் வரும். நாப்பத இருபது ஆக்க சொல்லி கேளு. எழுத்துல கேளு, வாயில கேட்டா காத்துல போயிடும்.

குப்பத்து_தம்பி:
நான் சோசியல் ஒர்க்கர்லாம் கெடையாது, சும்மா தேடினு வந்தேன், ஒரு வார்த்த சொல்லிக்கிறேன். எங்க தெருவுக்கு அந்த டிசம்பர்ல எத்தினி டீம் வந்துச்சுன்னு கணக்கே இல்ல, எல்லாம் ஒரே கேள்விதான், வூட்ல எத்தினி பேரு, போட்டு இருக்கா, வல இருக்கா. எங்கம்மா கடைசியா வந்தவங்கள பாத்து "இன்னாமா, நாங்க சொன்னத நீங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கவே மாட்டீங்களா"ன்னு கேட்டுச்சு. ரேஷன் கடையில டோக்கன் போட்டு குடுத்த 6000 வந்துச்சு, இந்த ஃபார்ம்லாம் எங்க போச்சுன்னு இன்னி வரைக்கும் தெரியல. முகத்துவாரத்துல நாங்களே பக்கெட்டுல எண்ண வாரினு இருந்தோம், 2017ல கப்பல் மோதி ஊத்துனப்பவும் அதே பக்கெட்டுதான். அப்போ பக்கத்துல நின்னு ஃபோட்டோ எடுத்தவங்கள ஒருத்தர கூட ஞாபகம் இல்ல. ஒரே ஒரு அக்கா ரெண்டு மாசம் கழிச்சு சொம்மா வந்து எங்கப்பாவுக்கு கையில வந்த அரிப்பு போச்சான்னு கேட்டுட்டு போனாங்க. அத மட்டும் எங்கம்மா இப்பவும் சொல்லும். நீ அழுவலன்னு யாரும் கோச்சிக்கல, திரும்பி வர்றியா இல்லியான்னுதான் பாக்குறோம்.

மணலி_மேடம்:
மேல சொன்னதெல்லாம் சரி, ஆனா கொஞ்சம் கசப்பா பேசுறேன். எல்லாத்தையும் ட்ராமான்னு சொல்லிட்டா நிறுவனம் தப்பிச்சிடும். பாதிக்கப்பட்ட ஸ்டாஃபுக்கு ஒரு வாரம் லீவு கூட குடுக்காம நாலாம் நாள் ஃபீல்டுக்கு அனுப்புனது யாரு? நீயா போனியா, போகலன்னா சம்பளம் புடிப்பாங்கன்னு போனியா? நான் டீம் லீடா இருந்தவ, நானும் இதே தப்ப பண்ணியிருக்கேன், வீடு மூழ்குன பொண்ண "உனக்குத்தான் ஏரியா நல்லா தெரியும்"னு சொல்லி அங்கயே அனுப்பினேன். இப்பன்னா வேற ஏரியா குடுப்பேன், இல்ல ஆஃபீஸ்ல உக்கார வெச்சு டேட்டா பாக்க சொல்வேன்.

மழ சத்தத்துக்கு எழுந்திரிக்கிறதுக்கு உதவி கேக்குறத மட்டும் தள்ளிப் போடாத. 14416 டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண், இலவசம், தமிழ்ல பேசலாம். நாம ஊருக்கெல்லாம் அந்த நம்பர குடுப்போம், நாம மட்டும் கூப்ட மாட்டோம். வேலைய விடுறத தூக்கம் சரியான பிறகு யோசி.

எர்ணாவூர்_பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. மேடம், சம்பளம் புடிப்பாங்கன்னு யாரும் சொல்லல, புடிக்க மாட்டாங்கன்னும் சொல்லல. இருபது வீடுன்னு மெயில் போட்டாச்சு, பதில் வரல. 14416க்கும் நேத்து கூப்ட்டேன், அரை மணி நேரம் பேசினேன், மறுபடியும் பேசுவேன்.

தம்பி, நீங்க சொன்னத படிச்சிட்டு ஞாயித்துக்கெழம ஃபார்ம் இல்லாம காட்டுக்குப்பம் போனேன். அந்த அக்காவுக்கு என் பேரு ஞாபகம் இல்ல, "எண்ண கோடு வூட்டுக்காரப் பொண்ணு"ன்னாங்க. நான் எப்பவோ சொல்லியிருக்கேன் போல. அவங்க வீட்டு கோட்ட மண்ணெண்ணெய் போட்டு தேச்சிட்டு அது மேல பிரைமர் அடிச்சாங்களாம், நிக்குதாம். யாருக்காவது எந்த பிரைமர்னு தெரிஞ்சா சொல்லுங்க, கேக்க மறந்துட்டேன்.