ஒரு டிரைவை அணைத்தால் மற்ற 11 டிரைவ்களும் டிரிப் ஆகின்றன

இரவுப்பணி:

வணக்கம். பன்னிரண்டு கன்வேயர்கள், ஒவ்வொன்றுக்கும் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு டிரைவ். எல்லாம் ஒரே ஆர்எஸ்-485 தொடர்புக் கேபிளில், மோட்பஸ் ஆர்டியு என்ற கேள்வி-பதில் முறையில், பிஎல்சி எனும் கட்டுப்பாட்டுக் கணினியின் ஒரே போர்ட்டோடு பேசுகின்றன. வேகம் 9600 பாட் (வினாடிக்கு 9600 பிட்); ஓர் எழுத்துக்கு 8 பிட், ஈவன் பாரிட்டி என்ற சரிபார்ப்பு பிட், ஒரு ஸ்டாப் பிட். முகவரி 1 முதல் 12 வரை. ஒவ்வொரு டிரைவிலும் நான்கு ரெஜிஸ்டர்களை (முகவரியுள்ள நினைவக இடங்களை) படிக்கிறேன்: நிலை, வேகம், கரண்ட், பழுது எண். இரண்டில் எழுதுகிறேன்: கண்ட்ரோல் வேர்டும் (ஓடு, நில் என்ற கட்டளை) வேகமும்.

நாட்கணக்கில் சீராக ஓடுகிறது. பராமரிப்புக்காக ஏதாவது ஒரு டிரைவின் ஐசோலேட்டரைத் திருப்பினால்தான் தொல்லை. நேற்றிரவு ஏழாம் கன்வேயரில் பேரிங் மாற்றுவதற்காக அதன் மின்சாரத்தைத் துண்டித்தோம். இரண்டு வினாடிகள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பேனலில் பழுது விளக்குகள் 8, 9, 10 என்று அலைபோல எரிந்துகொண்டே போய், 12 முடிந்ததும் 1-க்குத் தாவி, 6-இல் வந்து நின்றன. ஒரு வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பதினொன்றிலும் ஒரே பழுது: தொடர்பு இழப்பு.

இரைச்சலாக இருக்கும் என்று நினைத்து ஷீல்டு கேபிளைப் புதிதாக மாற்றினேன். மோட்டார் கேபிள்களிலிருந்து தள்ளி வைத்தேன். கேபிளின் இரு முனைகளிலும் 120 ஓம் முனைத்தடை இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரு கம்பிகளுக்கிடையே அளந்தால் 60 ஓம் காட்டுகிறது. பயன் இல்லை.

டிரைவ்களில் தொடர்பு இழப்பு நேரம் 3 வினாடி; அவ்வளவு நேரம் செய்தி வராவிட்டால் டிரைவ் டிரிப் ஆகிவிடும், அதாவது பழுது காட்டி நின்றுவிடும். பிஎல்சியில் டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) 1 வினாடி, மறுமுயற்சி 2. அந்தத் தொடர்பு இழப்புப் பாதுகாப்பையே அணைத்துவிடு என்கிறார் உடன் பணிபுரியும் அண்ணன். கேபிள் அறுந்தால் கடைசியாக வந்த கட்டளையோடு பன்னிரண்டு கன்வேயர்களும் ஓடிக்கொண்டே இருக்குமே? எனக்கு மனம் ஒப்பவில்லை.

முனைத்தடை:

ஈதர்நெட்டுக்கு மாறிவிடுங்கள் நண்பரே. 485-இல் பன்னிரண்டு டிரைவ் என்பது எப்போதும் தலைவலிதான்.

பழையபேனல்:

தம்பி, உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். அந்தப் பாதுகாப்பை அணைக்காதீர்கள். கேபிள்மீதும் குற்றம் இல்லை. இரண்டு 120 இணையாக இருந்தால் வரவேண்டிய 60 ஓம் வந்தபோதே அது தெளிவாகிவிட்டது. எல்லா டிரைவிலும் முனைத்தடை ஸ்விட்சைப் போட்டுவைத்திருந்தால் 10 ஓம் அளவுக்கு இறங்கியிருக்கும்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது விளக்குகள் எரிந்த வரிசை. இரைச்சலுக்கு வரிசை தெரியாது. 8-இல் தொடங்கி 6-இல் முடிந்தது என்றால், அது உங்கள் பிஎல்சி டிரைவ்களை விசாரிக்கும் வரிசை. ஏழாவதன் வாசலில் நின்று அது தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 9600 பாட்டில், ஸ்டார்ட் பிட்டும் சேர்த்து 11 பிட் கொண்ட ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய 1.15 மில்லி வினாடி. நான்கு ரெஜிஸ்டர்களைப் படிக்கக் கேள்வி 8 பைட், பதில் 13 பைட்; மொத்தம் 24 மில்லி வினாடி. இரண்டு ரெஜிஸ்டர்களில் சேர்த்து எழுதினாலும் அதே 21 பைட்தான். கேள்விக்கும் பதிலுக்கும் பின்னால் மூன்றரை எழுத்து நேரம் மௌனம், தலா 4 மில்லி வினாடி. டிரைவ் யோசிக்க ஒரு 10. ஆக ஒரு பரிமாற்றத்துக்கு 42 என்று வையுங்கள். ஒரு டிரைவுக்குப் படிக்க ஒன்று, எழுத ஒன்று என 24 பரிமாற்றங்களுக்கு ஒரு வினாடி. இதுதான் உங்கள் சாதாரணச் சுற்று.

இப்போது ஏழாவது செத்துக்கிடக்கிறது. படிக்க முதல் முயற்சி, மேலும் இரண்டு: 3 வினாடி. எழுத இன்னொரு 3. ஆறு வினாடிகள் கேபிளில் வேறு யாருக்கும் பேச்சில்லை. எட்டாவது டிரைவ் தன் பெயரைக் கேட்டு ஏற்கெனவே ஏறக்குறைய ஒரு வினாடி ஆகிவிட்டது; அதனால் அதுதான் முதலில் பொறுமை இழக்கிறது. ஆறாவதை இப்போதுதான் விசாரித்தீர்கள், அது கடைசி. டிரைவ்கள் சரியாகத்தான் நடந்துகொண்டன. கேட்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

டைம்அவுட்டை 150 மில்லி வினாடியாகக் குறையுங்கள். மறுமுயற்சியைப் பூஜ்ஜியமாக்குங்கள், அடுத்த சுற்றே மறுமுயற்சிதான். ஒரு டிரைவ் தொடர்ந்து மூன்று முறை பதில் தராவிட்டால் அதற்கு ‘இல்லை’ என்று ஒரு பிட் வையுங்கள். அதன் பிறகு பத்து சுற்றுக்கு ஒரு முறை மட்டும், படிக்கும் கேள்வியை மட்டும் அனுப்பிப் பாருங்கள். இல்லாத டிரைவுக்காக மற்றவர்கள் இழப்பது அந்த 150 மில்லி வினாடிதான்.

இதைவிட முக்கியமானது, அது திரும்பி வரும் நேரம். பேரிங் வேலை முடிந்து ஐசோலேட்டரைப் போட்டதும் உங்கள் பிஎல்சி பழைய ஓட்டக் கட்டளையை மறுபடியும் எழுதினால் பெல்ட் தானாகக் கிளம்பிவிடும். ‘இல்லை’ பிட் விழும்போதே அந்த டிரைவின் கண்ட்ரோல் வேர்டைப் பூஜ்ஜியமாக்குங்கள். திரும்பி வந்ததும் முதலில் அந்தப் பூஜ்ஜியத்தை எழுதுங்கள். ஆள் புதிதாக ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால்தான் ஓட வேண்டும். ஐசோலேட்டரில் பூட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். மோட்பஸ் வழியாக வரும் ‘நில்’ என்ற கட்டளையை நம்பி யாரும் பெல்ட்டுக்குள் கை வைக்கக் கூடாது. அவசர நிறுத்தம் தனிக் கம்பியில் இருக்க வேண்டும்.

ஈதர்நெட் பற்றிச் சொன்ன நண்பருக்கு: ஈதர்நெட்டில் ஓடும் மோட்பஸ் டிசிபியிலும் ஒருவர் பின் ஒருவராகக் காத்திருந்து கேட்டால் இதே கதைதான் நடக்கும்.

சுருள்கம்பி:

கூடவே ஒன்று. வேகத்தை எந்த ரெஜிஸ்டரில் எழுதுகிறீர்கள்? சில டிரைவ்களில் வேகத்தை அமைக்கும் பாராமீட்டருக்கே முகவரி உண்டு. அதில் எழுதினால் ஒவ்வொரு முறையும் ஈஈபிராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்) பதியும். வினாடிக்கு ஒரு முறை என்றால் நாளுக்கு 86,400 தடவை, ஈஈபிராம் தாங்காது. தற்காலிக நினைவகத்துக்கென்று தனி முகவரி கையேட்டில் இருக்கும்.

இரவுப்பணி:

பழையபேனல் ஐயாவுக்கு மிக்க நன்றி. அந்த வரிசையைக் கண்ணால் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. இன்று மாற்றி எழுதிவிட்டேன். ஏழாவதை அணைத்தேன், மற்ற பதினொன்றும் அசையவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பன்னிரண்டையும் அணைத்துப் பார்த்தேன். எதை அணைத்தாலும் மற்றவை ஓடுகின்றன. திரும்ப மின்சாரம் கொடுத்தால் பட்டனை அழுத்தும்வரை நிற்கின்றன.

பதினொன்று மட்டும் மின்சாரம் இருக்கும்போதே ‘இல்லை’ என்று காட்டியது. அதன் பாராமீட்டர்களைப் பத்தாவதோடு ஒப்பிட்டேன். பதில் தாமதம் என்ற இடத்தில் மற்றவற்றில் 5 மில்லி வினாடி, இதில் 200. பழைய டைம்அவுட் ஒரு வினாடியாக இருந்ததால் இவ்வளவு நாள் தெரியவில்லை. 5 ஆக்கினேன், சரியாகிவிட்டது.

சுருள்கம்பி அவர்களே, தற்காலிக நினைவக முகவரியில்தான் எழுதுகிறேன். கையேட்டைத் திறந்து சரிபார்த்துவிட்டேன்.

பழையபேனல்:

மகிழ்ச்சி தம்பி. இனி 19200 பாட்டுக்கு ஏற்றினால் சுற்று நேரம் ஏறக்குறைய 0.6 வினாடியாகக் குறையும். பன்னிரண்டு டிரைவிலும் மாற்றிவிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு முறை அணைத்துப் போடுங்கள். பல டிரைவ்கள் புதிய பாட் விகிதத்தை அப்போதுதான் ஏற்கும்.