ஜவ்வு ஆபரேஷனுக்குப் பொறவு இருட்டுல வரப்பு தட்டுது

கேள்வி: கல்லிடைக்குறிச்சிக்காரன்

கபடியில இடது முட்டு ஏசிஎல் ஜவ்வு அத்துப்போய், ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு மாசம். டேப் வச்சுப் பாத்தா ரெண்டு தொடையும் ஒரே சுத்தளவு. சைக்கிள் மிதிக்கேன், மாடி ஏறுதேன். ஆனா மசங்குன பொறவு வயலுக்குத் தண்ணி பாக்கப் போனா, வரப்புல இடது கால் எங்க ஊணியிருக்குன்னே தெரியமாட்டேங்கு. நேத்து மம்பட்டியோட வாய்க்காலுக்குள்ள இறங்கிட்டேன். பகல்ல இந்தக் கோளாறே இல்ல. ஆபரேஷன் பண்ண இடத்துல கேட்டா, 'எடையக் கூட்டித் தூக்கு'ங்காவ. கூட்டியாச்சு. வேற என்ன செய்ய?

பதில்: பாளையங்கோட்டை பிசியோ

தம்பி, டேப்பை நம்பாதீங்க. சுத்தளவு வந்தா பலம் வந்துட்டுன்னு அர்த்தமில்ல.

ஏசிஎல் வெறும் கயிறு இல்ல. முட்டு எவ்வளவு மடங்கியிருக்கு, எந்தப் பக்கம் இழுக்குதுன்னு சேதி அனுப்புற நரம்பு முனைகள் அதுக்குள்ள உண்டு. அறுந்தப்போ அந்தச் சேதியும் குறைஞ்சுபோச்சு. புதுசா வச்சது வேற இடத்துத் தசைநாண். வச்ச அன்னைக்கு அதுக்குப் பேசத் தெரியாது. பகல்ல கண்ணு ஈடுகட்டுது, இருட்டுல அது இல்ல. உடம்பு தன்னைத்தானே உணருற இந்தப் புலனுக்கு 1906லயே ஷெரிங்டன்ங்கிற இங்கிலாந்து நரம்பியல் விஞ்ஞானி 'புரோப்ரியோசெப்ஷன்'னு பேர் வச்சுட்டார். நம்ம ஊர்ல இன்னும் எடைக்கல்லைத்தான் கூட்டுதோம்!

செவுத்துப் பக்கம், வெறுங்காலோட ஒத்தக் கால்ல நின்னு கண்ணை மூடுங்க. வலது எத்தனை செகண்ட், இடது எத்தனை?

முட்டுல வீக்கம் இருக்கான்னும் பாருங்க. உள்ள நீர் கோத்தா, வலியே இல்லாட்டியும் முன்தொடைத் தசையை நரம்பு அடக்கி வச்சிரும்.

பதில்: தச்சநல்லூர் வாசி

இதுக்கு பேலன்ஸ் போர்டு வாங்கணுமா? ரெண்டாயிரம் சொல்லுதான்.

பதில்: பாளையங்கோட்டை பிசியோ

வேண்டாம், தலையணை மேல நின்னாலே போதும். ஒத்தக் கால்ல நிக்கும்போது 'முட்டு ஆடுதா'ன்னு அதையே நினைக்காதீங்க. கையில செம்பு நிறையத் தண்ணி வச்சுக்கிட்டு, தளும்பக்கூடாதுன்னு மட்டும் பாருங்க. கவனம் உடம்புக்கு வெளிய இருந்தா அசைவு நல்லாப் படியும். ஒரே பயிற்சியை அம்பது தடவ செய்யாம மாத்தி மாத்திச் செய்யணும். அன்னைக்குத் தடுமாறும், ஆனா நிலைக்கும். கபடி பேச்சு ஒன்பது மாசத்துக்கு முன்னால கூடவே கூடாது. முட்டு மடங்கி விட்டுக்கொடுத்தா உடனே டாக்டரைப் பாருங்க.

பதில்: கல்லிடைக்குறிச்சிக்காரன்

அக்கா, வலது இருபத்திரண்டு, இடது நாலு. வீக்கம் இல்ல. செம்பை வச்சு நின்னேன்; நடுவீட்டுல பாதித் தண்ணி. அம்மா துடைப்பத்தோட நிக்கா.